தேங்காயெண்ணெய் மழை பெய்த வெள்ளிக்கிழமை

கனவு காண்கிறவர்கள் கையில் மிஷினைக் கொடுக்கக் கூடாது. கனவு காணலாம், மிஷினும் ஓட்டலாம், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. நான் படித்தது கீழப்பழுவூரில் ஐந்தாவது வரைக்கும்தான். (அதிலும் ஐந்தாவதில் பாதி நாள் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைத்தான் படித்தேன்.)

ஆனாலும் இன்றைக்குப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் என் சோப்பு தொங்காத மளிகைக் கடை கிடையாது. இவளே தன்னைப் புகழ்ந்துகொள்கிறாள் என்று நினைப்பீர்கள். வேறு யாராவது புகழட்டும் என்று நானும் கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை. அதனால் நானே சொல்கிறேன்: எண்ணெயையும் தண்ணீரையும் சீக்கிரம் சேர்த்துவைக்கிற வித்தையைப் பெரிய படிப்பாளிகள் கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்களாம். நான் அதைப் பருத்திக் காட்டில் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டு கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நின்றிருக்கலாம். ஊரைக் கூட்டிச் செய்து காட்டினேன். அங்கேதான் வினை.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு ஊர் மகளிர் குழு ஆரம்பித்த காலம். எங்கள் ஊரில் இரண்டு குழு. ஒன்று என் சோப்புக் குழு, மற்றது அப்பளக் குழு. அப்பளக் குழுவுக்குத் தலைவி தனக்கோடி. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நாத்தனார். உள்ளூரிலேயே வாக்கப்பட்டு அடுத்த தெருவில் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னை என்னவென்று கூப்பிடுவார் என்பது அன்றன்றைக்கு அவருக்கு வருகிற கோபத்தைப் பொறுத்தது.

பஞ்சாயத்து ஆபீசை ஒட்டி ஓர் அறை காலியாகக் கிடந்தது. முன்னே ரேஷன் மூட்டை அடுக்கிய இடம். சிமெண்டுத் தரை, இரும்புக் கதவு, எதிரெதிராக இரண்டு ஜன்னல். காலை வெயில் ஒரு ஜன்னலில் நுழைந்து, தரையெல்லாம் மெதுவாக ஊர்ந்து, சாயங்காலம் மற்ற ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பி வழியாக உள்ளே பார்ப்பேன். மற்றவர்களுக்கு அது வெறும் தரை. எனக்கோ சுவர் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாய்ச் சோப்புக் கட்டிகள் அடுக்கியிருப்பது தெரியும். நடுவே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றும். (அந்த அறைக்குக் கரண்டே கிடையாது. கனவில் சுற்றுகிற ஃபேனுக்குக் கரண்ட் எதற்கு?) பின்னால் வருகிற பெண்கள் என் குடத்தைத் தட்டினால்தான் நான் ஊருக்குத் திரும்பி வருவேன்.

அந்த அறை எனக்கு வெறும் ஆசையில்லை, பிழைப்பே அதில்தான் இருந்தது. அதுவரை சோப்பை எங்கள் ஆட்டுக்கொட்டகையில்தான் காய்ச்சிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். ஒருநாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே சொல்லிவிட்டார்.

"ஐப்பசிக்குள்ள ஒனக்குன்னு ஒரு எடம் பாத்துக்க. இல்லாட்டி சோப்ப வுட்டுட்டு என்கூடக் காட்டுக்கு வந்துரு. காஸ்டிக் சோடாவ ஆடு நக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் காட்டுக்குத் திரும்புவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பருத்தி எடுக்கக் குனிந்தால் பொழுது சாய்ந்துதான் நிமிர முடியும். காய்ந்த பருத்திக்காய் ஓட்டின் நுனி குத்திக் குத்தி விரலெல்லாம் கீறல். குனிந்துகொண்டே கனவு காண முடியாது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன். இடுப்பு வலி உள்ளே வந்துவிடும்.

அறையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, சிரிக்கிற பழக்கம் இல்லாத முகம். முதலில் அப்பளக் குழு செய்து காட்டியது. நாத்தனார் மாவை உருட்டினார், தேய்த்தார், கட்டிலில் போட்டார். மேடம் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் வரிசையாக அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. நேற்றுக் காய்ந்ததைப் பொரித்து டீயோடு நீட்டவும் செய்தார்.

அடுத்தது எங்கள் முறை. காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் தேங்காயெண்ணெயை ஊற்றித் துடுப்பால் கலக்கினோம். சோப்பு செய்கிறவர்களுக்குத் தெரியும். எண்ணெய் மேலே நிற்கும், காரத் தண்ணீர் கீழே நிற்கும். கலக்கினால் கலங்கும், கையை எடுத்தால் பிரிந்துவிடும். மாறி மாறிக் கலக்கிக்கொண்டே இருந்தால் எப்போதோ ஒரு நேரத்தில் இரண்டுக்கும் மனசு வந்து, இட்லி மாவு பதத்துக்குக் கெட்டிப்படும். அன்றைக்கு மனசே வரவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனார் எட்டிப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"ஏண்டி அஞ்சல, இது சோப்பா, ரசமா? ரசம்னா சொல்லு, அப்பளம் எடுத்தாரேன், தொட்டுக்கலாம்."

மேடம்கூட உதட்டை மடித்துக்கொண்டார். போகும்போது, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகவும், அவர் இருக்கிற நேரத்துக்குள் ஒரு சோப்பாவது கண்ணெதிரே இறுக வேண்டும் என்றும், இல்லாவிட்டால் அறை அப்பளத்துக்குத்தான் என்றும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நான் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, தள்ளி, வரப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். காலை வெயில் செடிகளுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. பம்பின் வாயிலிருந்து மருந்து புகையாக விரிந்தது. அந்தப் புகைக்குள் ஒரு துண்டு வானவில் வரும், போகும், அவர் கையை அசைத்தால் மறுபடி வரும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பம்பின் வாயில் ஏதோ அடைத்துக்கொண்டது போல, புகை நின்று பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது. பெரிய சொட்டு இலையில் விழுந்தது, உருண்டது, மண்ணில் விழுந்து போனது. இலைக்கும் அதற்கும் ஒரு பேச்சும் இல்லை. அவர் அடைப்பைத் தட்டி எடுத்தார். மறுபடி புகை வந்தது. அந்தப் புகை இலை மேலே பூத்தது போல ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது.

குடம் கையிலிருந்து வழுக்கியது. எனக்குள் ஒரு கல்யாணப் பந்தி ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசை, பெண் வீட்டார் ஒரு வரிசை. இரண்டு கூட்டமும் அப்படியே உட்கார்ந்தால் யார் யாரோடு பேசுவார்கள்? எதிரெதிரே விளிம்பில் இருக்கிறவர்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிறவர்கள் தங்கள் ஆட்களோடேயே பேசி, சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தைக் கலைத்து, இவர்களில் ஒருவர், அவர்களில் ஒருவர் என்று உட்கார வைத்தால்? பாயசம் வருவதற்குள் எல்லாரும் சம்பந்தி. எண்ணெயும் அப்படித்தான். மொத்தமாக ஊற்றினால் காரத் தண்ணீரைத் தொடுவது அதன் விளிம்பு மட்டும்தான். புகை மாதிரி பொடிப்பொடியாக உடைத்துவிட்டால் ஒவ்வொரு பொடிச் சொட்டுக்கும் சுற்றிலும் விளிம்பு. தொடுகிற இடம் கூடக் கூட வேலை வேகமாக நடக்கும்.

"கொடம் கவுந்துருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கவுழட்டுங்க" என்றேன்.

டவுனுக்குப் போய், முடிவெட்டுகிற கடைக்காரர்கள் தலையில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தப் பாட்டில் ஒன்று புதிதாக வாங்கி வந்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் காரத் தண்ணீர், பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய். ஒரு கை பீய்ச்ச, ஒரு கை கலக்க, கிண்ணத்துக்குள் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன். தண்ணீர் முதலில் பனி மூடியது போல மங்கியது. அப்புறம் பாலானது. பால் தயிரானது. அடுப்பில் வைத்த வெந்நீர் கொதிப்பதற்குள் இட்லி மாவு பதத்துக்கு வந்து, துடுப்பு இழுத்த கோடு அழியாமல் நின்றது. ஆடு மட்டும்தான் சாட்சி. நான் அந்த ஆட்டைக் கட்டிக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தி, வெள்ளிக்கிழமை அந்தக் கிண்ணத்தையே மேடத்துக்குக் காட்டியிருந்தால் அறை எனக்குத்தான். ஆனால் கிண்ணம் என் பெருமைக்குப் போதவில்லை. ரசமா என்று கேட்டவர் முன்னால் கிண்ணத்தை நீட்டினால், சட்னியா என்று கேட்பார். நான் டிரம் அளவுக்குக் காட்ட நினைத்தேன். ஒரு டிரம்முக்கு அந்தப் பாட்டிலைப் பீய்ச்சினால் கட்டை விரல் கழன்றுவிடும். என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் ஒரு பவர் ஸ்பிரேயர் வாங்கினார். முதுகில் மாட்டுகிற மிஷின். பெட்ரோல் இன்ஜின், யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், கயிற்றை இழுத்தால் புயலடிக்கும். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயில் திறந்திருக்கும், காளிக்குப் பூஜை போட்டுவிட்டுத்தான் அதில் மருந்து ஊற்ற வேண்டும் என்று வைத்திருந்தார்.

அதாவது அந்த வெள்ளிக்கிழமை காலையில், மருந்து வாசமே அறியாத ஒரு புத்தம்புது மிஷின், சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலையோடு கோயிலிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கியது. அம்மாளே எனக்காக அனுப்பினாள் என்றுதான் நினைத்தேன். (அம்மாளை இதில் இழுக்காதே என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.) முதல் தடவையாக நல்ல காரியத்துக்கு ஓடட்டுமே என்று அவரிடம் கேட்டேன். தேங்காயெண்ணெய்தானே என்று அவரும் சரி என்றார்.

இன்னொரு காரியமும் செய்தேன். என் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினேன். அரக்கு நிறம், கையகல ஜரிகை. சோப்புப் பயிற்சியில் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள், காரத் தண்ணீர் பக்கம் பட்டோடு போகக் கூடாது என்று. அது கத்துக்குட்டிகளுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊரே கூடியிருந்தது. மேடம் நாற்காலியில், பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைச் சட்டையில். ஒரு பக்கம் ஜீப். மறுபக்கம் கயிற்றுக் கட்டில்களில் வேட்டி விரித்து, நாத்தனார் குழுவின் அப்பளங்கள் பௌர்ணமிகளைப் போல வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில் என் டிரம். அடியில் காரத் தண்ணீர். காஸ்டிக் சோடா கரைத்த சூடு ஆறக்கூட நேரம் கொடுக்காத அவசரத்தில், அது இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

நான் வந்தேன். பட்டுப்புடவை, கையில் ரப்பர் உறை, கண்ணில் வெயில் கண்ணாடி, முதுகில் இன்ஜின். மிஷினுக்குப் போட்ட மாலை என் தோள் வழியாகத் தொங்கியது.

"என்னாடி இது, சாமி பொறப்பாடா?" என்றார் நாத்தனார். "குடை புடிக்க ஆளு வாணாமா?"

காரத் தண்ணீர் ஏதாவது தெறித்தால் என்ன செய்வது என்று எல்லோரையும் எட்டி நிற்கச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அறிவு இருந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். இன்ஜின் உறுமியது. துதிக்கையை டிரம் வாய்க்குள் காட்டி, பிடியை லேசாகத் திறந்தேன்.

முதல் கொஞ்ச நேரம் நான் ஜெயித்தேன். அதை யாரும் மறுக்க முடியாது. டிரம்முக்குள் எண்ணெய் புகையாக இறங்கியது. என் குழுவைச் சேர்ந்த ராணி நீளத் துடுப்பால் கலக்கிக்கொண்டே, "அக்கா, பாலாவுதுக்கா" என்றாள். அப்புறம், "அக்கா, கெட்டியாவுதுக்கா, துடுப்பு நவுர மாட்டேங்குது" என்றாள். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நாத்தனார் வாயை மூடியிருந்ததையும் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் பிடியை முழுசாகத் திறந்துவிட்டேன்.

டிரம்முக்குள் போன புயல் வெளியே வந்துதானே ஆக வேண்டும். போன வழியிலேயே திரும்பி வந்தது, எண்ணெயைச் சுமந்துகொண்டு. டிரம் வாயிலிருந்து பொன்னிறத்தில் ஒரு மேகம் எழுந்து, வாசலுக்கு மேலே விரிந்து, காலை வெயிலை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. பஞ்சாயத்து ஆபீசும் வேப்பமரமும் ஜீப்பும் மங்கி, மினுங்கி, தொலைவுக்குப் போய்விட்டன. ஓர் அகல்விளக்கின் சுடருக்குள் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருப்பது போல இருந்தது. தேங்காயெண்ணெய் வாசம். மாலையின் சாமந்தி வாசம். மூக்குக்கு எதிரே ஒரு துண்டு வானவில், பருத்திக் காட்டில் பார்த்த அதே துண்டு. இன்ஜின் சத்தம் எங்கேயோ தூரத்தில் மழை பெய்கிற சத்தமாகிவிட்டது.

கண்ணை மூடினேன். அந்த அறைக்குள் நுழைந்தேன். ஒரு ஜன்னலில் வெயில் வந்தது. சுவர் உயரத்துக்குச் சோப்பு. ஃபேன் சுற்றியது. நாற்காலியில் உட்கார்ந்து, இடப்பக்கச் சுவரைப் பார்த்தேன், வலப்பக்கச் சுவரைப் பார்த்தேன், இன்னும் ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன்.

நான் கனவில் திரும்பியபோதெல்லாம் உடம்பும் திரும்பியிருக்கிறது. உடம்போடு துதிக்கையும்.

இன்ஜின் நின்றது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஓடிவந்து அதை அணைத்திருந்தார். கண்ணைத் திறந்தேன். அப்படி ஓர் அமைதியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. எங்கிருந்தோ சொட்டுகிற சத்தம் மட்டும். ஜீப்பிலிருந்து. வேப்ப இலையிலிருந்து. தலைவரின் மூக்கு நுனியிலிருந்து.

தலைவரின் வெள்ளைச் சட்டை கண்ணாடியாகி உடம்போடு ஒட்டியிருந்தது. மேடத்தின் கஞ்சி போட்ட புடவை துவண்டு தொங்கியது, கண்ணாடி வழியாக அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஜீப் டிரைவர் உதவிக்கு ஓடிவந்தார், பாதி வழி ஓடினார், மீதி வழி உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தார். அப்பளங்கள் எல்லாம் பளபளவென்று கண்ணைப் பறித்தன.

முதலில் வாயைத் திறந்தவர் தலைவர். கோபமே இல்லை, ரொம்ப வருத்தமாகச் சொன்னார்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமம்மா."

எங்கள் பக்கத்தில் ஆம்பளைகள் எண்ணெய் தேய்ப்பது புதனும் சனியும். வெள்ளிக்கிழமை பெண்களுக்கு. அவர் வீட்டில் இதையெல்லாம் ரொம்பப் பார்ப்பார்கள். (தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்குப் போனாராம். நானாகத் தேய்க்கவில்லை, அதுவாக வந்து தேய்ந்தது என்று எவ்வளவோ சொன்னாராம். வீட்டம்மா தலையில் தண்ணீர் ஊற்றித்தான் வாசற்படி ஏறவிட்டார்களாம்.)

நாத்தனார் கட்டில் கட்டிலாக நடந்து பார்த்தார். ஓர் அப்பளத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். எண்ணெய் ஊறி அதற்கு அந்தப் பக்கம் தெரிந்தது. என் பக்கம் திரும்பாமல் ஊரைப் பார்த்துச் சொன்னார்.

"பொரிக்கிறதுக்கு முன்னாடியே எண்ணெய ஊத்திட்டா. இனி அடுப்பு மட்டும் இருந்தாப் போதும்."

அப்போதுதான் ராணி மெதுவாக, "அக்கா, ஒங்க பொடவ" என்றாள்.

குனிந்து பார்த்தேன். புயல் டிரம்மிலிருந்து கொஞ்சம் காரத் தண்ணீரையும் பொடிச் சொட்டாகக் கிளப்பியிருக்கிறது. நல்ல வேளை, மற்றவர்கள் எட்டி நின்றதால் அது யாரிடமும் போகவில்லை. டிரம்முக்கு நேரே நின்ற என் மடிப்பில்தான் இறங்கியிருந்தது. பட்டுக்கும் காரத்துக்கும் ஆகவே ஆகாது. என் கண்ணெதிரே அரக்குப் பட்டில் ஊசிமுனை ஓட்டைகள் ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டிருந்தன, சாயங்கால வானத்தில் நட்சத்திரம் வருவது மாதிரி. இங்கே ஒன்று என்று பார்ப்பதற்குள் அங்கே நான்கு. அழகாகத்தான் இருந்தது, வேறு யாருடைய புடவையாகவாவது இருந்திருந்தால். ராணியும் மற்றவர்களும் மிஷினைக் கழற்றி, குடம் குடமாக என் மேல் தண்ணீரைக் கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றினார். சாமி புறப்பாடு அத்தோடு முடிந்தது.

பக்கத்துக் காட்டில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் அங்கே போனோம். மேடத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வரப்பில் கூட்டிப்போனார்கள், வழுக்கும் என்று. நாத்தனார் வீட்டிலிருந்து அரப்புத் தூள் எடுத்துவந்தார். ஒன்றிய அலுவலகத்து மேடம் குழாய்க்கு அடியில் புடவையோடு உட்கார்ந்திருக்க, நாத்தனார் அவர் தலையில் அரப்பைப் போட்டுத் தேய்த்த காட்சியை நான் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒளிந்து நின்று பார்த்தேன். தண்ணீர் தடிமனாக விழுந்தது. மேடத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆபீசில் சேர்ந்த பிறகு இப்படிக் குளித்ததே இல்லை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்து, சோப்புக்காரி எங்கே என்று கேட்டதும் விழுந்தது.

துண்டைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"எறுகிச்சா?" என்று கேட்டார்.

"எறுகிருச்சு மேடம். துடுப்பப் புடுங்க முடியல."

கொஞ்ச நேரம் தண்ணீருக்கு அடியிலேயே யோசித்தார். "ரூம் அப்பளத்துக்கு" என்றார். "ஒங்களுக்குச் சுவர் வச்ச எடமே ஆகாதும்மா. அந்த ரூமுக்குள்ள இத நீங்க பண்ணியிருந்தா நாங்க யாரும் உசுரோட இருந்திருக்க மாட்டோம்."

அழுகையும் தண்ணீரும் ஒன்றாக ஓடியதால் நான் அழுதது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். நாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் மேடத்தின் தலையிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னார்: "ஊருக்குப் பின்னாடி பழைய நெல்லடிக்கிற களம் சும்மாதான் கெடக்கு மேடம். கப்பிக்கல்லு போட்டு அடிச்ச தர. சுவரு, கதவு ஒண்ணும் கெடையாது. கேக்க ஆளும் இல்ல. இவ ஊர எரிச்சாக்கூடப் பொக மேல போயிரும்."

மேடம் தலையாட்டினார். அரப்பு கண்ணில் விழுந்ததால் ஆட்டினாரா, சம்மதித்து ஆட்டினாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எண்ணெய் பட்ட அப்பளம் இனி இருப்பு நிற்காது என்று அன்று மத்தியானமே அத்தனையையும் பொரித்தார்கள். ஊர் முழுக்க நொறுங்குகிற சத்தம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் டிரம் பக்கத்தில் ஓட்டைப் பட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு அப்பளத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, டிரம்மை எட்டிப் பார்த்தார். மேலே கைமுட்டியால் தட்டினார். கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது.

"எறுகித்தான் இருக்கு" என்றார். அப்புறம், "களத்துக்கு நாலு கால் நட்டுக் கீத்துப் போடணும்" என்றார்.

ஐப்பசி வந்தது, போனது. காட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவே இல்லை. அந்தச் சோப்பை டிரம்மை அறுத்துத்தான் வெளியே எடுத்தோம். துடுப்பு உள்ளேயே நட்டுக்கொண்டு நின்றது. பெரம்பலூர் ஜில்லாவிலேயே பெரிய ஒற்றைச் சோப்பு அதுதான், சந்தேகம் இருந்தால் அளந்த கயிறு இருக்கிறது. கடப்பாரையால் உடைத்து, காயவைத்து, காரம் அடங்கிய பிறகு விற்றோம். நன்றாகத்தான் நுரைத்தது. இப்போது களத்தில் மூடி போட்ட மிஷின் இருக்கிறது. உள்ளே விசிறி சுற்றி எண்ணெயைப் பொடிப்பொடியாக அடிக்கும், ஒரு சொட்டு வெளியே வராது. சுவர் மட்டும் இன்றைக்கு வரைக்கும் எழுப்பவில்லை. காற்று நன்றாக வருகிறது, அதுதான் சோப்புக்கு நல்லது, அதையெல்லாம் யோசித்துத்தான் அந்த அறையை விட்டுக்கொடுத்தேன் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். நாத்தனார் பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டேன்.

அவர் அந்த அறையில் அப்பளம் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் இரண்டு ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அது போகட்டும். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் நிறுத்தும்போது யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்கள், அஞ்சலை கையில் பன்னீர்ச் சொம்பைக் கொடுத்துவிடாதீர்கள் என்று. சந்தனக் கிண்ணம் கொடுப்பார்கள், கல்கண்டுத் தட்டு கொடுப்பார்கள். பன்னீர்ச் சொம்பு மட்டும் இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்ததே இல்லை.

என் மகள் கல்யாணம் அரியலூரில் மண்டபத்தில் நடந்தது. பெண்ணைப் பெற்றவள் நான். புதுப்பட்டு கட்டியிருந்தேன். வாசல் மேஜையில் வெள்ளிச் சொம்பு தனியாக நின்றது. இன்றைக்குக்கூட யார் என்னைத் தடுக்க முடியும் என்று எடுத்துவிட்டேன். கழுத்து நீண்ட, குளிர்ந்த சொம்பு. மண்டபத்து விளக்கெல்லாம் அதன் வயிற்றில் மங்கலாக மிதந்தன. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு கை வந்து சொம்பை வாங்கிக்கொண்டது. நாத்தனார். மணப்பெண்ணின் அத்தை, அவருக்கும் அன்றைக்கு உரிமை உண்டு. என் புதுப்பட்டின் மடிப்பை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை இல்லை என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் சொம்பைச் சாய்த்து என் தலையில் தெளித்தார். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, இமையில் ஒன்று. இமையில் விழுந்தது உருண்டு போகாமல் அங்கேயே நின்று, அதற்குள் மண்டபம் முழுக்க வானவில்லாகத் தெரிந்தது.

"இம்புட்டுத்தாண்டி தெளிக்கணும்" என்றார் நாத்தனார். "போ, வாசல்ல தலைவரு வந்துருக்காரு. நீ சொம்போட நிக்கிறத பாத்துட்டு உள்ள வர மாட்டேங்கிறாரு. இன்னிக்கும் வெள்ளிக்கெழமயாம்."